இருநூற்றுப் பன்னிரண்டு செடிகள்

ஜூன் 9

பிஜிக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. இன்றுதான் ஊருக்குள் போனோம். வனுவா லேவு தீவின் மலைக்குள் பதினோரு கிலோமீட்டர் சாலை போடப் போகிறோம். அதன் கடைசியில் இருக்கும் ஊர் நவுனிவாய், நாற்பது வீடு இருக்கலாம். வேலை தொடங்குவதற்கு முன் ஊர்த்தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். நான் வரைபடம், லேப்டாப், கோப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். எங்கள் எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர் குப்சாமி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"அது என்ன?"

"இதுதான் மேடம் அனுமதி. உங்க காகிதமெல்லாம் அப்புறம்."

குப்சாமியின் முப்பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து கரும்பு வெட்ட வந்தவராம். குப்புசாமி என்ற பெயரை எந்தக் காலத்திலோ ஒரு குமாஸ்தா சுருக்கிவிட்டார். வீட்டில் இந்திதான் பேசுகிறார்கள். தமிழ் அவருடைய அப்பாவிடமும் கோயில் பஜனையிலும் கற்றது. "நம்ம தமிழ் ஒடஞ்ச தமிழ் மேடம். சிரிக்கக் கூடாது" என்று முதல் நாளே நிபந்தனை போட்டார்.

கட்டைப் பிரித்தால் உள்ளே காய்ந்த வேர். நாட்டுமருந்துக் கடையில் சாக்கில் கிடக்குமே, அப்படி. யங்கோனா என்கிறார்கள், மற்றத் தீவுகளில் கவா. தலைவர் முன் வைத்துக் குப்சாமி அவர்கள் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். தலைவர் வேரைத் தொட்டார். எல்லோரும் உள்ளங்கையைக் குவித்துத் தட்டினார்கள். அதோடு அனுமதி கிடைத்துவிட்டதாம். லேப்டாப்பை நான் திறக்கவே இல்லை.

பிறகு இலைசா என்று ஒருவர், அகன்ற தோள், நாற்பது வயதிருக்கும், வேரை இரும்பு உரலில் இடித்தார். துணியில் கட்டி, காலுள்ள பெரிய மரத்தாலத்தில் தண்ணீர் விட்டுப் பிசைந்தார். சிரட்டையில் ஊற்றி எனக்கும் நீட்டினார்கள். செம்மண் தரையைக் கழுவிவிட்ட தண்ணீர் போல நிறம். ஒரு முறை கை தட்டி, வாங்கி, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். மண்ணும் மிளகும் கலந்த கசப்பு. கொஞ்ச நேரத்தில் நாக்கு மரத்தது. சின்ன வயதில் பேச்சு வரவில்லை என்று எனக்கு நாக்கில் அக்கரகாரம் தேய்ப்பார்கள், அதே மரமரப்பு. உதடு என்னுடையதாகவே இல்லை.

இன்னொரு சிரட்டை கேட்டேன். கூடமே சிரித்தது.

ஜூன் 12

இன்று செடியையே பார்த்தேன், தலைவர் வீட்டுக்குப் பின்னால். பார்த்ததும் "வெற்றிலை!" என்று கத்திவிட்டேன். நான் சோழவந்தான்காரி, கொடிக்காலுக்குள் ஓடித் திரிந்தவள். அதே இதய வடிவ இலை, அதே நரம்பு. ஆனால் கொடி இல்லை. என் தோள் உயரத்துக்குத் தனியாகப் புதராக நிற்கிறது. தண்டு கரும்பு போலக் கணுக் கணுவாக இருக்கிறது. ஓர் இலையைக் கிள்ளி மென்றேன்.

"ஆடுகூட அதைத் தின்னாது" என்றாள் மெரேவாய். எங்கள் முகாமில் சமைப்பவள் அவள், இலைசாவின் மனைவி. என் வயதுதான், முப்பத்தெட்டு. ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாள்.

மிளகு, வெற்றிலை, இது, மூன்றும் ஒரே குடும்பமாம். நம் ஊரில் வெற்றிலை பாக்கு வைக்காமல் யாரையும் அழைக்க முடியாது. இங்கே இந்த வேர் இல்லாமல் எதுவும் நடக்காது போலிருக்கிறது. கல்யாணம், சாவு, விருந்தாளி, வீடு கட்டுவது, சண்டை, சமாதானம் எல்லாவற்றுக்கும் இதுதான். தூரத்துச் சொந்தக்காரர்கள் இருவர் ஒரே வேலையைப் பார்க்கிறார்கள்!

விதை எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"விதை கெடையாது மேடம்" என்றார் குப்சாமி. "கணுவ வெட்டி மண்ணுல வெக்கணும். மூணு வருசமாவது காக்கணும், அஞ்சாறு ஆனா இன்னும் ஒசத்தி. அப்பறம் முழுச் செடியையும் புடுங்கினாத்தான் வேரு."

அப்படியானால் இந்தத் தீவில் நிற்கும் ஒவ்வொரு செடியும் யாரோ ஒருவர் குனிந்து நட்டது. தானாக முளைத்தது ஒன்றுகூட இருக்க முடியாது. இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 18

பழைய வண்டித்தடமாக இருந்த முதல் மூன்று கிலோமீட்டருக்கு மண் வெட்டு முடிந்தது. பதினான்கு வருடம் அடுத்தவர் வரைந்த கோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். முதல்முறையாக ஒரு சாலை முழுக்க என் பொறுப்பு. இந்த வேலைக்கு நேர்காணல் வைத்தவர் "மலையில் தங்க வேண்டும், பெண்களுக்குச் சரிப்படாது" என்றார். சரிப்படுகிறது, ஐயா.

மாலையில் ஊர்க்காரர்களோடு இரண்டு சிரட்டை. சாராயம் குடித்தால் குரல் ஏறும். இதைக் குடிக்கக் குடிக்க எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். ஏன் என்று நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு பதில் வந்தது.

ஜூன் 24

காலையிலிருந்து மழை. நான்காவது கிலோமீட்டரில் வரைபடம் காட்டாத பாறை. உடைப்பதென்றால் வெடிவைக்கத் தனி அனுமதி வேண்டும், மூன்று வாரம் போய்விடும். சாலையைப் பதினெட்டு மீட்டர் சரிவில் இறக்கினால் பாறை தப்பும். ட்ரோன் படத்தில் அந்தச் சரிவு முழுக்கக் காடு. சாலைக் கோட்டைக் காட்டும் முளைக்குச்சிகளை மாற்றி நட்டேன். மேலாளரிடம் சொல்ல வேண்டும். சின்ன மாற்றம்தானே, மாத அறிக்கையில் சொல்லிக்கொள்ளலாம்.

குப்சாமி குடையோடு வந்து நின்றார். "மேடம், கீழ எறங்கிப் பாத்தீங்களா?"

"பார்த்தாச்சு" என்றேன். தொப்பலாக நனைந்திருந்தேன்.

ஜூலை 2

நல்ல வெயில். ஒரே நாளில் நூற்று நாற்பது மீட்டர். மேலாளர் பாராட்டிச் செய்தி அனுப்பினார்.

ஜூலை 3

காலை எட்டரைக்கு இலைசா வந்தார். கையில் களைவெட்டி. வெட்டிய மேட்டின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். நாங்கள் வெட்டிய மண்ணும் கல்லும் அந்தச் சரிவில்தான் கொட்டிக் கிடந்தன. குப்சாமி எந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். இருவரும் அவர்கள் மொழியில் பேசினார்கள். குப்சாமி தொப்பியைக் கழற்றுவது இங்கிருந்து தெரிந்தது.

திரும்பி வந்து சொன்னார். "அவரு கேத் மேடம் அது. யங்கோனா. மரத்துக்குக் கீழ நெழல்ல வெச்சிருக்கார். மேலேருந்து தெரியாது. எரநூத்திப் பன்னெண்டு செடி. ஆறு வருசம்."

கேத் என்றால் இவர்கள் இந்தியில் வயல்.

நிழலில் வளர்க்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இலைசா மதியம் வரை விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

ஜூலை 5

மேலாளர் தீவின் நகரமான லம்பாசாவிலிருந்து வந்தார். விபத்துப் படிவம் நிரப்ப வேண்டும் என்றார். முளைக்குச்சி எங்கே இருந்தது என்று கேட்டார். மழையில் மண் இளகியிருந்தது, குச்சிகள் நகர்ந்திருக்கலாம் என்று அவரே சொன்னார். நான் மறுக்கவில்லை. "முளைக்குச்சிகள் இடம் மாறியிருந்தன. ஓட்டுநர் வரைபடத்துடன் ஒப்பிடாமல் எந்திரத்தை இயக்கினார்." இதுதான் வாசகம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. கையெழுத்துப் போட்டேன்.

குப்சாமியை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் எந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்துச் சாவியை மேலாளரிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து "வரேன் மேடம்" என்றார். அவ்வளவுதான்.

இழப்பீட்டுக்குக் கம்பெனி கடிதம் அனுப்பும். அது அவர்கள் வேலை.

ஜூலை 8

புது ஓட்டுநர் வந்திருக்கிறார். தமிழ் தெரியாது.

இலைசா தினமும் வருகிறார். மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பலா மரத்தடியில் உட்காருகிறார். வேலையைத் தடுப்பதில்லை, திட்டுவதில்லை. என்னைப் பார்த்தால் "புலா" என்று வணக்கம்கூடச் சொல்கிறார். எனக்கு இது புரியவில்லை. எங்கள் ஊரில் ஒரு வாழையைச் சாய்த்தாலே ரத்தக்களறி ஆகும். கம்பெனிக் கடிதம் வந்ததாம், பிரித்துப் பார்க்கவே இல்லையாம்.

மெரேவாயும் வழக்கம்போலச் சமைக்க வருகிறாள். மீன் குழம்பில் தேங்காய்ப்பால் விட்டிருந்தாள். பசி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 10

ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் கடப்பாரையோடு வந்து கொட்டிய மண்ணைக் கிளறினார்கள். செடி முழுசாகப் புதைந்தாலும் வேர் கிடைத்தால் கழுவிக் காயவைக்கலாமாம். ஒடியாத கணு கிடைத்தால் மறுபடி நடலாமாம். சரிவின் அடியில் மண் குறைவாக இருந்த இடத்தில் பதினோரு செடி கிடைத்தது. மீதிக்கு மேல் நான்கு மீட்டர் கல்.

நான் அலுவலகக் கூடாரத்திலிருந்து பார்த்தேன். அறிக்கை வேலை இருந்தது.

ஜூலை 14

இன்று மெரேவாயிடம் கேட்டேவிட்டேன். அவள் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இருநூறு செடி எதுக்கு? விற்கவா?"

"விக்கிறதுக்கா? இல்ல." கத்தியைக் கீழே வைத்தாள். "எங்க அப்பாவுக்கு."

அவள் ஊர் தவேயுனி என்ற பக்கத்துத் தீவு. இலைசா அங்கே மீன்பிடிக்கப் போனவர். ஒன்பது வருடம் முன்பு இருவரும் யாருக்கும் சொல்லாமல் படகேறி வந்துவிட்டார்கள். அப்படிப் பெண்ணை அழைத்து வந்துவிட்டால், பையன் வீட்டார் யங்கோனா வேரோடு பெண் வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். திமிங்கிலப் பல் ஒன்றும் வைக்க வேண்டும். அது இலைசாவின் பெரியப்பாவிடம் இருக்கிறது. வேர் இலைசா பொறுப்பு. அதுவரை அவள் பிறந்த வீட்டு வாசல் மிதிக்க முடியாது. அம்மா இறந்ததற்குக்கூட இந்தக் கரையில் நின்றுதான் அழுதாளாம்.

"எங்க அப்பா பெரிய குடும்பம். கொஞ்சமா எடுத்துட்டுப் போனா அவமானம்னு இலைசா சொன்னார். அப்புறம் புயல்ல முதல் தோட்டம் போச்சு. மறுபடி நட்டார். இந்த செப்டம்பர்ல போறதா இருந்தோம்."

மறுபடி கத்தியை எடுத்தாள்.

"அப்பாவுக்கு இப்ப எழுபத்தேழு" என்றாள்.

ஜூலை 15

முந்நூறு மீட்டர் ஜல்லி.

ஜூலை 17

மெரேவாயிடம் மறுபடி கேட்டேன். "அவர் ஏன் கோபப்படல?"

"கோபம் இருக்கு. எந்திரத்து மேல கோபப்பட்டு என்ன பண்ணறது?"

"அப்புறம் தினமும் ஏன் வந்து உட்கார்றார்?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியாதா என்று பார்த்த மாதிரி இருந்தது.

"யாராவது வருவாங்கன்னு. செஞ்சவங்க தேடி வர்றப்போ அவரைக் கண்டுபிடிக்க முடியாம போயிடக் கூடாதே. வீடு தூரம், வழி தெரியாது. அதான் வழியிலேயே உட்கார்ந்திருக்கார்."

"கம்பெனி கடிதம் அனுப்பிச்சே?"

"கடிதம் வரும். ஆள் வரணும்ல?"

ஜூலை 20, ஞாயிறு

முகாமில் யாரும் இல்லை, எல்லோரும் தேவாலயத்துக்குப் போயிருக்கிறார்கள். நான் நடந்து நான்காவது கிலோமீட்டருக்குப் போனேன். கீழே இறங்கினேன். ஜூன் 24 அன்று இறங்கியிருக்க வேண்டிய இடம். அன்று இறங்கவில்லை. மழையாக இருந்தது, சகதியாக இருந்தது, மூன்று வாரம் மிச்சமாகும் என்ற சந்தோஷம் இருந்தது. குச்சிகள் தானாக நகரவில்லை. நான்தான் நட்டேன். குப்சாமி கேட்டார், நான் பொய் சொன்னேன்.

மேலிருந்து சரிவில் இறங்க எனக்கு ஆறு நிமிடம் ஆனது. கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.

ஜூலை 21

மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பழைய வரைபடமும், நான் மாற்றிய அளவுகளும், என் கையெழுத்தும் இணைப்பில்.

ஜூலை 22

மேலாளர் தொலைபேசியில் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "உங்கள் ஒப்பந்தத்தை ஆகஸ்ட் கடைசியோடு முடித்துக்கொள்வோம். அடுத்தவர் வரும்வரை இருங்கள்" என்றார். குப்சாமியை உடனே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அது ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்றார்.

மதியம் பேருந்து பிடித்து லம்பாசா போனேன். குப்சாமி வீடு ஊருக்கு வெளியே கரும்புத் தோட்டத்துக்கு நடுவில். வாசலில் சிவப்புக் கொடி, மாரியம்மன் படம். அவர் டிராக்டர் சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தார். எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "குச்சி தலையில நீங்க சாயம் பூசுவீங்க. மாத்தி நட்ட குச்சியிலும் புதுச் சாயம். மழையில நகர்ந்த குச்சிக்கு எவன் வந்து சாயம் பூசுனான்?"

"தெரிஞ்சும் ஏன் மேலாளர்கிட்ட சொல்லல?"

"சொன்னா? எக்ஸ்கவேட்டர்காரன் சொல்றான், இன்ஜினியர் சொல்றா. எது ஜெயிக்கும்?" அவர் குரல் உயர்ந்தது. "பதினேழு நாளு. எம்பொண்டாட்டி கேக்குறா, எம்மகன் கேக்குறான், என்னய்யா செஞ்சேன்னு. முப்பது வருசமா டிக்கர் எந்திரம் ஓட்டுறேன். ஒருத்தன் வேலி சாஞ்சதில்ல."

நான் அழுதேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. அவர் மனைவி உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போனார்.

"இலைசா வீட்டுக்குப் போகணும் அண்ணே" என்றேன். முதல்முறையாக அண்ணே என்றது இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. "எப்படிப் போகணும்னு தெரியல."

தேநீரை முழுசாகக் குடித்து முடித்தார்.

"நானும் வரேன். எங்கையிதான ஒடச்சது."

"உங்க மேல தப்பே இல்லையே."

"நீங்க பாத்தாச்சுன்னீங்க. நான் நம்பல. நம்பாமலே ஓட்டுனேன். அதுக்கு நான் வரணும்."

ஜூலை 23

லம்பாசா சந்தை. யங்கோனாவுக்கு மட்டும் தனி வரிசை. பொடியாக, துண்டாக, கட்டாக. அடித்தண்டு மலிவு, மெல்லிய வேர் உசத்தி. ஒவ்வொரு கடையிலும் முகர்ந்து பார்க்கிறார் குப்சாமி அண்ணன். எனக்கும் முகரக் கற்றுக்கொடுத்தார். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. எவ்வளவு கொண்டுபோவது என்று கேட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு செடிக்கு ஈடாக நான் எதைக் கட்டிக்கொண்டு போவேன்?

"கையில தூக்குற அளவு" என்றார். "ஈடு கட்டப் போகல. கேக்கப் போறோம்."

தப்புச் செய்தவர் தானே பேசக் கூடாதாம். நமக்காக இன்னொருவர் பேச வேண்டும். பக்கத்து ஊர்க்காரர், எங்கள் சாலைக்கூலிகளின் மேஸ்திரி தொமாசி, ஒப்புக்கொண்டார்.

ஜூலை 24

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்குப் போனோம். இலைசா வீடு தகரக் கூரை, உள்ளே பாய். அவரும் அவர் பெரியப்பாவும் உள்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மெரேவாய் சமையல்கட்டு வாசலில். நாங்கள் வாசற்படியை ஒட்டி உட்கார்ந்தோம். தலையை நிமிர்த்தக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். பாயின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொமாசி வேர்க்கட்டை முன்னால் வைத்துப் பேசினார். அண்ணன் என் காதில் முணுமுணுத்தார். "இந்தப் பொண்ணு தூர தேசத்துலேருந்து வந்தா. உன் வயல்மேல மண்ணத் தள்ளச் சொன்னது இவ. தள்ளுனது இவன். ரெண்டு பேரும் உன் வாசல்ல இருக்காங்க. இந்த வேரு சின்னது. தப்பு பெருசு..."

பேச்சு முடிந்தது. எதிர்ப்பக்கம் சத்தம் இல்லை. வேரை அவர்கள் தொட்டு எடுத்தால் மன்னித்ததாக அர்த்தம். எடுக்காமல் விட்டால் நாங்கள் அப்படியே எழுந்து போக வேண்டும். வெளியே ஒரு கோழி கொக்கரித்தது. மழைத் தண்ணீர் பீப்பாயில் சொட்டியது. ஒரு நிமிடமோ ஐந்து நிமிடமோ, தெரியாது. முழங்கால் மரத்துவிட்டது.

திடீரென்று இலைசா ஆங்கிலத்தில் என்னிடமே பேசினார். அண்ணன் திடுக்கிட்டார், அது முறை இல்லை போலிருக்கிறது.

"நீங்க கீழ இறங்கிப் பாக்கலையா?"

"இல்லை."

"மேலேருந்து பாத்தப்போ என்னன்னு நினைச்சீங்க?"

"காடுன்னு நினைச்சேன்."

"நம்ம செடிய உங்களுக்குத் தெரியுமே. தலைவர் வீட்ல இலையைக் கடிச்சுப் பாத்தீங்களாமே."

"தெரியும். பக்கத்துல போயிருந்தா தெரிஞ்சிருக்கும். போகல. குப்சாமி கேட்டப்போ போனேன்னு பொய் சொன்னேன்."

அவர் தன் மொழியில் அதை வீட்டாருக்குத் திருப்பிச் சொன்னார். பெரியப்பா ஏதோ கேட்டார். இலைசா பதில் சொன்னார். அப்போது சமையல்கட்டு வாசலிலிருந்து மெரேவாய் நான்கைந்து சொற்கள் படபடவென்று சொன்னாள். கோபமாக. என்னைப் பார்த்து அல்ல, அவள் கணவரைப் பார்த்து. அண்ணன் மொழிபெயர்க்கவில்லை.

இலைசா குனிந்து வேர்க்கட்டைத் தொட்டார். பிறகு இரண்டு கையாலும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பெரியப்பா தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். தொமாசி "வினாகா" என்றார், நன்றி.

அந்த வேரையே இடித்துக் கரைத்தார்கள். முதல் சிரட்டையை இலைசா குடித்தார். அடுத்தது எனக்கு. அதற்கடுத்தது அண்ணனுக்கு. ஏழெட்டுச் சுற்றுப் போனதும் எல்லோரும் ரக்பி பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவு பெரிய விஷயம் முடிந்த அரைமணி நேரத்தில் எப்படி ரக்பி பேச முடிகிறது? முடிந்துவிட்டது, அதனால்தான் என்றார் அண்ணன்.

திரும்பும் வழியில் மெரேவாய் சொன்னது என்ன என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். "'இந்தப் பொண்ணு ஒரு கட்டு வேரோட வந்துட்டா. உனக்கு ஒம்போது வருசம் போதல'ன்னு சொன்னா."

ஜூலை 28

மெரேவாய் இன்று தானாகவே பேசினாள். சோறு வடித்துக்கொண்டே.

"செடி மூணாவது வருஷமே போதுமா இருந்தது. இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்னார். நாலாவது வருஷம் இன்னும் நூறு நட்டார். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம். எங்க அப்பா முகத்தைப் பாக்க அவருக்குப் பயம். செடியை எண்ணிக்கிட்டே இருந்தார், போறதுக்கு பதிலா."

"உனக்கு என் மேல கோபம் இல்லையா?"

"இருக்கு" என்றாள் உடனே. "ஆறு வருஷம் நானும் களை எடுத்திருக்கேன். ஆனா அன்னைக்கு மண்ணு விழுந்த செய்தி கேட்டதும் முதல்ல என்ன நினைச்சேன் தெரியுமா? இனிமே அவர் காத்திருக்க ஒண்ணும் இல்லேன்னு. அதை நினைச்சதுக்கு எனக்கே வெக்கமா இருந்தது."

தட்டில் சோறு போட்டு என் முன் தள்ளினாள். சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3

சாலையைப் பழைய கோட்டுக்கே கொண்டுபோகிறோம். பாறைக்கு அனுமதி கேட்டிருக்கிறோம். அண்ணன் திரும்ப வந்துவிட்டார். கொட்டிய மண்ணை மேலிருந்து அள்ளச் சொல்லி மேலாளரிடம் கேட்டேன். ஒரு வாரம் கொடுத்தார். அண்ணன் வாளியைத் தாய் பிள்ளையைத் தூக்குவது போல மெல்ல மெல்ல இறக்குகிறார். ஊர்க்காரர்கள் பக்கத்தில் நின்று பொறுக்குகிறார்கள். நானும் இறங்கினேன். வேர்கள் பெரும்பாலும் அழுகிவிட்டன. நசுங்கிய தண்டுகளில் சில கணுக்கள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. அவற்றை வாழைமட்டையில் சுற்றி ஓடைக்கரையில் வைக்கிறோம்.

ஆகஸ்ட் 9

நூற்று முப்பது கணு நட்டோம், வேறு சரிவில். இலைசா குழி தோண்டும் ஆழத்தை என் விரலில் அளந்து காட்டினார். நான் நட்டது ஒன்பது. அவற்றில் எத்தனை பிழைக்கும் என்று கேட்டேன். "நாலு" என்றார் சிரிக்காமல்.

ஆகஸ்ட் 14

இலைசா மெரேவாயோடு இந்த மாதக் கடைசியில் தவேயுனிக்குப் போகிறார். செப்டம்பர் வரைகூடக் காத்திருக்கவில்லை. முதலில் தோண்டி எடுத்த பதினோரு செடியின் வேர் காய்ந்து தயாராக இருக்கிறது. அவ்வளவுதான் கொண்டுபோகிறார். ஊர்க்காரர்கள் தங்கள் தோட்டத்திலிருந்து தருகிறோம் என்றார்களாம், வேண்டாம் என்றுவிட்டாராம். "இது நான் நட்டது. இது போதும்னு அவர் சொன்னா போதும். போதாதுன்னா திரும்பி வந்து நடுறேன்."

மெரேவாய்க்குப் புடவைத் துணி ஒன்று கொடுத்தேன். மேலே சுற்றிக்கொள்வாளாம்.

ஆகஸ்ட் 28

அவர்கள் போய் இரண்டு நாள். செய்தி இல்லை. தீவில் கைப்பேசி சரியாகக் கிடைக்காது என்று அண்ணன் சொல்கிறார்.

புது இன்ஜினியரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டேன். நான்காவது கிலோமீட்டரில் அவரை அழைத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். அவருக்குப் புது ஷூ. முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஆகஸ்ட் 29

நாந்தி விமான நிலையம். மதியம் ஒன்றரைக்கு விமானம். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இதை எழுதுகிறேன்.

பதினொன்றரைக்குக் கைப்பேசி அடித்தது. மெரேவாய். பின்னால் ஒரே இரைச்சல், பாத்திரச் சத்தம், பெண்கள் குரல்.

"முடிஞ்சதா?" என்றேன்.

"நேத்து. முதல் நாள் அப்பா உள்ளேயே விடல. வாசல்ல உட்காரச் சொல்லிட்டார். இலைசா சாயந்திரம் வரைக்கும் தலையைத் தூக்கல. நேத்துக் காலையில கூப்பிட்டார்."

"வேரை எடுத்தாரா?"

"எடுத்து மடியில வெச்சுக்கிட்டார். பிரிச்சு ஒவ்வொண்ணா பாத்தார். அப்புறம் திட்டினார் பாரு. இந்தப் பதினோரு வேரைத் தூக்கிட்டு வர ஒம்போது வருஷமா, முதல் வருஷம் ஒண்ணே ஒண்ணு கொண்டுவந்திருந்தா உன் மாமியார் முகத்தைப் பாத்திருப்பியேன்னு. சொல்லிட்டு அவரும் அழுதார், இவரும் அழுதார்."

"நீ எப்படி இருக்கே?" என்றேன்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யாரோ அவள் பெயரைச் சொல்லி அதட்டலாகக் கூப்பிட்டார்கள், தேங்காய் துருவ ஆள் இல்லையாம். "அக்கா கூப்பிடுறா, இதோ வரேன்னு சொல்லணும்" என்று என்னிடம் அவசரமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினாள். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கைப்பேசியை அணைக்கவும் மறந்துவிட்டாள்.

விமானத்துக்கு அழைக்கும்வரை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். தேங்காய் துருவும் சத்தம், சிரிப்பு, யாரோ யாரையோ ஏதோ குறை சொல்வது. ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை.